இரண்டு கட்டில் அறைக்கு ஒரே ஒரு ஆள்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல, என் தலையில் கட்டப்பட்டது. எங்கள் ஸ்பாவின் மேலாளர் பாக் ரெஸ்து ஒரு திங்கட்கிழமை காலை என் மேசைக்கு வந்து, 'உங்கள் பயணப் பாணிக்கு ஏற்ற ஸ்பா ஓய்வைத் தேர்ந்தெடுப்பது எப்படி' என்று எண்ணூறு சொல்லில் ஒன்று எழுதிக் கொடு, வெள்ளிக்கிழமை வெப்சைட்டில் ஏற்றவேண்டும் என்றார். அந்த வெள்ளி போய் இன்னும் நான்கு வெள்ளி போய்விட்டது. எண்ணூறு சொல் எப்போதோ தாண்டிவிட்டது. கட்டுரை வந்தபாடில்லை. அதற்குப் பதிலாக இது வந்துகொண்டிருக்கிறது.

என் பெயர் துத்தி. (எங்கள் ஊரில் பெரியவர்களை, ஆண் என்றால் 'பாக்', பெண் என்றால் 'இபு' என்போம், ஐயா, அம்மா மாதிரி.) யோக்யகர்த்தாவில், அரண்மனைக்குத் தெற்கே இருக்கும் ஸ்பாவில் எழுத்து வேலை. எங்களுக்கும் எங்கள் கூட்டாளிகளுக்குமாகச் சேர்த்து இருநூற்றுச் சொச்சம் ஸ்பாக்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். 'உங்கள் தோள்களிலிருந்து உலகம் இறங்கட்டும்' என்று எங்கேயாவது படித்திருந்தால் அது நான்தான். 'மல்லிகை மிதக்கும் நீரில் உங்களை நீங்களே சந்தியுங்கள்', அதுவும் நான்தான். (இதுவரை யாரும் யாரையும் சந்தித்ததாகத் தகவல் இல்லை. மூக்கில் மல்லிகை ஏறிவிட்டதாக ஒரே ஒரு புகார் வந்தது.)

பதினோரு வருடமாக இப்படி எழுதி எழுதி, உண்மையாக ஒரு வாக்கியம் எழுதுவது எப்படி என்பது மறந்துபோய்விட்டது. அதனால் நடுநடுவே தடுக்கி விழுவேன். கண்டுகொள்ளாமல் வாருங்கள்.

2.

தொடக்கம், முதல் முயற்சி:

'லாவு மலைச் சரிவில் மூடுபனி ஒரு வெள்ளைத் துண்டைப்போல—'

நிறுத்திவிட்டேன். பழக்கதோஷம். என்னிடம் விட்டால் நிலாவையும் சோப்புக்கட்டி ஆக்கிவிடுவேன்.

இரண்டாம் முயற்சி:

'பயணிகள் நான்கு வகை. கடலைத் தேடுபவர்கள், கடையைத் தேடுபவர்கள், தங்களைத் தேடுபவர்கள், கழிவறையைத்—'

இது உண்மைக்குக் கொஞ்சம் கிட்டே வந்தது. பாக் ரெஸ்து விடமாட்டார்.

மூன்றாம் முயற்சி:

'இபு முர்யாத்திக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் முதுகைப் பார்த்துப் பிழைக்கிறார்.'

இது நிற்கிறது. உதைத்துப் பார்த்தேன், விழவில்லை. இங்கிருந்தே போவோம்.

3.

எங்களுக்கும் மலையில் தாவாங்மாங்குவில் இருக்கும் ஒரு ஸ்பாவுக்கும், கடலோரத்திலும் நகரத்திலும் இருக்கும் இன்னும் இரண்டுக்கும் ஓர் ஏற்பாடு. வருடத்துக்கு ஒருமுறை எங்கள் ஊழியர் ஒருவர் அவற்றில் ஒன்றில் போய் மூன்று நாள் விருந்தாளியாக இருக்கலாம். அவர்கள் ஆள் ஒருவர் இங்கே வருவார். இந்த வருடம் எங்கள் மசாஜ்காரர் இபு முர்யாத்தியின் முறை. மூன்றில் எது வேண்டும் என்று அவரே தேர்ந்தெடுக்கலாம்.

பாக் ரெஸ்து கேட்ட கட்டுரையோடு சேர்ந்த கேள்வித்தாள் என்னிடம் தயாராக இருந்தது. ஏழு கேள்வி. ஏழுக்கும் பதில் சொன்னால் கம்ப்யூட்டர், உங்கள் பயணப் பாணி கடலா, நகரமா, மலையா என்று சொல்லிவிடும். ஊருக்குக் காட்டுமுன் யாரிடமாவது ஓட்டிப் பார்க்கவேண்டும். மதியம் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து இபு முர்யாத்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டே வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"முதல் கேள்வி, இபு. லீவுல கண் முழிச்சதும் மொதல்ல என்ன செய்யப் பிடிக்கும்?"

"யாருக்கு?"

"உங்களுக்கு."

"எனக்கா?" என்று பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாராவது நிற்கிறார்களோ என்று. "அடுப்பு பத்த வைப்பேன்."

"செய்யறதைக் கேக்கல இபு. பிடிக்கறதைக் கேக்கறேன்."

"அடுப்பே பத்தாம எங்கேர்ந்து பிடிக்கும்?"

அந்தக் கேள்விக்கு எதிரே நான் கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். மசாஜ் எப்படி இருக்கவேண்டும்? மென்மையாகவா, நடுத்தரமா, பலமாகவா?

"யாருக்கு?"

"ஏழும் உங்களுக்குத்தான் இபு. ஏழையும் இப்பவே சொல்லிடறேன், உங்களுக்கு, உங்களுக்கு, உங்களுக்கு."

"சரி சரி, கத்தாதே ந்துக். உள்ளே ஆளு தூங்குது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். ('ந்துக்' என்றால் 'சின்னப் பொண்ணே' என்று செல்லமாகக் கூப்பிடுவது.) "எனக்கு யாரு பண்ணியிருக்கா, தெரியறதுக்கு? டிரெய்னிங்ல ஒருத்தருக்கொருத்தர் பண்ணிக்கணும்னாங்க. நான் படுத்து ரெண்டு நிமிஷம் ஆகாது, டீச்சரம்மா வந்து, எழுந்திரு, உன் கை நல்லா இருக்கு, நீ பண்ணு, மத்தவங்க பாக்கட்டும்னு எழுப்பி விட்டுருவாங்க. கை நல்லா இருந்தது தப்பாப் போச்சு."

என் கேள்வித்தாளை எட்டிப் பார்த்துச் சிரித்தார். பயணப் பாணியைக் கண்டுபிடிக்க ஏழு கேள்வி எதற்கு என்றார். கட்டிலில் ஆள் விழுந்ததும் தெரிந்துவிடுமாம்.

"ஜகார்த்தாக்காரங்க மூஞ்சி வைக்கற ஓட்டைக்குள்ள போனை வச்சுப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. டச்சுக்காரங்க பலகை மாதிரி. சுராபாயாக்காரங்களுக்கு எவ்ளோ அழுத்தினாலும் பத்தாது, நம்ம வெரல் ஒடிஞ்சாத்தான் திருப்தி. கல்யாணமாகிப் புதுசா வந்தவங்க பக்கத்துக் கட்டில் கையைப் பிடிச்சுக்குவாங்க. முப்பது வருஷம் ஆனவங்க, பக்கத்துக் கட்டில்ல யாராவது இருக்காங்களான்னே பாக்கமாட்டாங்க. நிம்மதியாத் தூங்குவாங்க."

"நீங்க எந்த வகை?"

 அதற்கு அந்த ஓட்டையைப் பற்றிச் சொன்னார். விருந்தாளி குப்புறப் படுத்து முகத்தை வைக்கும் ஓட்டை. அதற்கு நேர் கீழே தரையில் தண்ணீர்க் கிண்ணத்தில் பூ வைப்பார்கள், கண் திறந்தால் பார்க்க. இருபத்திரண்டு வருடமாகத் தினமும் காலையில் அந்தப் பூவை அடுக்குவது அவர்தான். மேலேயிருந்து ஒருதரம்கூடப் பார்த்ததில்லை.

"நல்லாத்தான் இருக்குமா? இல்ல, சும்மா அடுக்கிக்கிட்டு இருக்கேனான்னு தெரியல" என்றார்.

ஏழாவது கேள்வி: யாருடன் பயணம் செய்ய விரும்புகிறீர்கள்? துணைவருடன், குடும்பத்துடன், நண்பர்களுடன், தனியாக.

இபு முர்யாத்தி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கடைசியில இருக்கறதைப் போட்டா யாருக்காவது தெரியுமா?"

"கம்ப்யூட்டருக்கு மட்டும்தான்."

"அது யார்கிட்டயும் சொல்லாதுல்ல?"

"சொல்லாது."

"கல்யாணத்துக்கு முன்னாடி அக்காதங்கச்சி அஞ்சு பேரு ஒரே பாயில. அப்புறம் அவரு. அப்புறம் புள்ளைங்க, மாமியாரு, இப்போ பேத்தி. ஒரு ரூம்ல நான் மட்டும் படுத்ததே இல்ல, ந்துக். கோவமெல்லாம் இல்ல யார்மேலயும். ரெண்டு கட்டில் இருக்கற ரூமா இருந்தா, ஒண்ணுல நான் படுத்துக்கிட்டு, இன்னொண்ணு சும்மா கிடக்கறதைப் பாத்துக்கிட்டே இருக்கணும். மூணு நாளும்."

நான் குறிக்கப்போனேன். என்னை நிறுத்திவிட்டு, ஆள்காட்டி விரலால் அவரே திரையைத் தொட்டுக் குறித்தார். கம்ப்யூட்டர் ஒரு நொடி யோசித்தது. மலை என்றது.

(அடிக்குறிப்பு: முதல் வரைவில் அவர் கணவர் பாக் ஹர்ஜோவைக் குடிகாரராக எழுதியிருந்தேன். கதைக்கு வசதியாக இருந்தது. ஓர் அடியும் போட வைத்திருந்தேன். பாவம், அவர் தினமும் மாலை மனைவியின் விரல்களுக்கு வெந்நீர் ஒற்றடம் கொடுக்கிறவர். புறா வளர்க்கிறார், புறாக்களோடு ஸ்ருதி சேர்த்துப் பாடுகிறார். கெட்டவரிடமிருந்து மூன்று நாள் ஓடிப்போனால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். நல்லவரிடமிருந்து ஓட ஒரு காரணம் வேண்டும். அது இபு முர்யாத்தியிடம் இல்லை.)

4.

இனி, எங்கள் ஊரில் கூப்பிடும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. தெரியாதவர்களுக்காகச் சொல்லவில்லை. தெரிந்திருந்தும் ஒருத்தர் தப்பு செய்ததால் சொல்கிறேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது வந்தால் 'வாங்க, சாப்பிடலாம்' என்போம். வெளியே கிளம்பும்போது யாராவது எங்கே என்று கேட்டால் 'நீங்களும் வாங்களேன்' என்போம். அதை நம்பி யாரும் செருப்பை மாட்டிக்கொள்வதில்லை. முதல் தடவை கூப்பிடுவது வாய் பாட்டுக்குச் சொல்வது. இரண்டாம் தடவை மரியாதைக்கு. மூன்றாம் தடவையும் கூப்பிட்டால்தான் மனசாரக் கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். அப்போது போகாவிட்டால்தான் தப்பு. மூன்று வயதுக் குழந்தைக்குக்கூட இங்கே இது தெரியும். தேநீரை முன்னால் வைத்தால், ஆறி ஆடை படிந்தாலும் மூன்றாம் தடவை சொல்லும்வரை தொடாது.

கதைக்கு வருகிறேன். மலை ஸ்பாவில் எல்லா அறைகளும் இரண்டு கட்டில். அழைப்பும் இரண்டு பேருக்கு. பாக் ஹர்ஜோ, புறாக்களை விட்டு வரமுடியாது என்று சொல்லிவிட்டார். இரண்டாவது கட்டில் காலி. இபு முர்யாத்தி பன்னிரண்டு நாளைக்கு வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும்.

அன்று மாலை அவர் வேலை முடிந்து தெருவுக்குள் நுழையும்போது, எதிர்வீட்டு இபு தார்சி வாசலில் அப்பளம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இபு தார்சி எப்படிப்பட்டவள் என்று சொல்லவேண்டும். அடுத்த வீட்டில் கரண்டி விழுந்தால் என்ன குழம்பு என்று சொல்லுவாள். ஓயாமல் பேசுவாள், தூக்கத்திலும் பேசுவதாகக் கேள்வி. ஓசியில் வந்தால் ஒட்டகத்தையும் வாங்கிக் கட்டிவைப்பாள்.

"எங்கேயோ மலைக்குப் போறீங்களாமே, இபு?"

"ஆமா. ஆபீஸ்ல அனுப்பறாங்க." சொல்லிவிட்டு, பழக்கத்தில், அந்த ஒரு வாக்கியத்தையும் சொன்னார்: "நீங்களும் வாங்களேன்."

"வரேனே!" என்றாள் இபு தார்சி.

முதல் தடவையிலேயே. மூச்சுக்கூட விடாமல். அப்பளம் காய்ந்துகொண்டிருந்த தட்டின்மேல் ஈ உட்கார்ந்தது. அதை ஓட்டக்கூட இருவருக்கும் கை வரவில்லை. கூச்சநாச்சம் இல்லாத ஜென்மம். நாலு பேர் நடுவில் வாழத் தகுதி இல்லாதவள். எனக்கு இவளைத் திட்டித் திட்டி எழுத எழுதக் கை நிற்கமாட்டேன் என்கிறது.

"உங்களுக்குத்தான் புறா இல்ல, கோழி இல்லையா? யாரு பாத்துப்பா?" என்று இபு முர்யாத்தி கடைசியாக ஒரு வழி விட்டுப் பார்த்தார்.

"கோழி கிடக்குது இபு! எனக்கு எவ்ளோ ஆசை தெரியுமா? இருநூறு ஸ்பாவைப் பத்தி எழுதியிருக்கேன். ஒண்ணுலயாவது, ஒரே ஒரு தடவையாவது நான் படுத்—"

5.

[இந்தப் பகுதியில் இபு தார்சி தன் மருமகள், சம்பந்தியம்மா, தெருப் பெண்கள் பதினான்கு பேரோடு வேனில் ஏறுவதாக இருந்தது. வேனுக்கு நிறம்கூட யோசித்துவிட்டேன். விட்டுவிட்டேன்.]

6.

அப்பளம் காயப்போடுகிற பெண்பிள்ளை இருநூறு ஸ்பாவைப் பற்றி எதற்கு எழுதினாள் என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுவிட்டேன்.

இபு தார்சி என்று யாரும் இல்லை. எதிர்வீடே இல்லை, அங்கே வாய்க்கால்தான் ஓடுகிறது. அந்த 'வரேனே'யைச் சொன்னவள் நான்.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு முடித்த நேரம். பாக் ரெஸ்து எழுந்து, இந்த வருட விருந்தாளி இபு முர்யாத்தி, மலைக்குப் போகிறார் என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். "பாக் ஹர்ஜோவும் வராரா?" என்று யாரோ கேட்டார்கள். வரவில்லை என்று தெரிந்ததும் எல்லோருடைய பார்வையும், தானாகவே, அந்த இரண்டாவது கட்டிலின்மேல் போய் உட்கார்ந்தது. இபு முர்யாத்திக்கு வேறு வழியில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைக் கூப்பிட்டே ஆகவேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்.

"நீயும் வாயேன், ந்துக்" என்றார், நிம்மதியாக. என்னிடம் சொல்வதில் ஆபத்து இல்லை என்று நினைத்திருப்பார். கதவைச் சாத்திக்கொண்டு அவர் சொன்னதைக் கேட்டவள் நான் ஒருத்திதானே.

"வரேனே!" என்றேன்.

ஏன் சொன்னேன்? மூன்று வாரமாக வேறு வேறு காரணம் எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். உண்மைக் காரணம் கொஞ்சம் அசிங்கமானது: எனக்கு வேண்டும் என்று இருந்தது. பதினோரு வருடமாக வெந்நீர்க் குளம், சூடான கல், மஞ்சள் பூச்சு என்று நாக்கில் எச்சில் ஊற எழுதிவிட்டு, முதுகு வலியோடு வீட்டுக்குப் போய்ப் பால்கனியில் துணி காயப்போடுகிறவள். மேசை வேலைக்காரர்களுக்கு முறை வராது, உடம்பைத் தொட்டு வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தான். அந்த ஒரு நொடியில் வெந்நீர்க் குளம் கண்ணில் தெரிந்தது. இபு முர்யாத்தி தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது, இப்போது எழுதும்போதும்.

 சிலர் தட்டைப் பார்த்தார்கள். இபு முர்யாத்தி சிரித்தார். அது எனக்குத் தெரிந்த சிரிப்பு. விருந்தாளி தாமதமாக வந்து, அரைமணி அதிகம் கேட்கும்போது சிரிக்கச் சொல்லி நாங்கள் பயிற்சி கொடுக்கும் சிரிப்பு.

மறுநாளிலிருந்து அவர் என்னை 'நீ' என்று கூப்பிடவில்லை.

"நீங்க சாப்பிட்டாச்சா? நீங்க மொதல்ல போங்க. நீங்க எந்தக் கட்டில்ல படுத்துக்கறீங்க, ஜன்னல் பக்கமா?" மரியாதையாலேயே ஆளை வெளுக்க எங்கள் ஊர்க்காரர்களால் முடியும். அதில் இபு முர்யாத்தியை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

7.

வாசகர்களே, முடிவு கேட்பீர்கள். என்னிடம் மூன்று இருந்தன.

(அ) பாக் ரெஸ்துவுக்குப் பிடித்த முடிவு. இரண்டு பெண்களும் மலைக்குப் போகிறார்கள். வெள்ளை அங்கியில் இஞ்சித் தேநீரோடு உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுகிறார்கள். இபு முர்யாத்தி என் கையைப் பிடித்து, 'உன்னோட வந்ததுதான் நல்லதாப் போச்சு' என்கிறார். கீழே முன்பதிவு செய்ய ஒரு பொத்தான்.

இதை எழுதி முடித்து வாசித்துப் பார்த்தேன். மல்லிகை மூக்கில் ஏறியது.

(ஆ) நான் தைரியமாக அவரிடம் போய், 'இபு, நீங்க தனியாப் போகணும்னு சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. நான் வரல' என்று நேராகச் சொல்லிவிடுகிறேன்.

இதை எழுதத் தெரியாதவர்கள்தான் எழுதுவார்கள். அப்படிச் சொன்னால், 'நீங்கள் என்னைப் பாரமாக நினைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும்' என்று நாலு பேர் அறியச் சொன்னதாக ஆகும். அந்த அவமானத்தை அவர் மலைக்கும் தூக்கிக்கொண்டு போவார். மூன்று நாளும் காலிக் கட்டிலில் என் முகம்தான் படுத்திருக்கும். என் முகம் படுத்திருக்கும் கட்டில் காலிக் கட்டில் ஆகாது.

(இ) கடைசி நேரத்தில் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவது. பொய், கோழைத்தனம், எல்லோரும் செய்வது. இதைத்தான் தேர்ந்தெடுத்தேன். என் பயணப் பாணி அதுதான் போலிருக்கிறது.

8.

போன வியாழக்கிழமை, காலை ஏழு மணி. ஸ்பா முற்றத்தில் வேன் நின்றது. இபு முர்யாத்தி ஊதா நிறப் பூப்போட்ட சட்டை போட்டிருந்தார், புதுசு. ஒரு துணிப்பை. வாழையிலையில் கட்டிய இரண்டு சோற்றுப் பொட்டலம். நான் வெறுங்கையோடு போயிருந்தேன். அவர் அதைப் பார்த்தார், பார்க்காதது மாதிரி இருந்தார்.

"இபு, எனக்குக் காத்துப் புகுந்துடுச்சு" என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் எல்லா வியாதிக்கும் இதுதான் பெயர். தலைவலி, வாந்தி, காதல் தோல்வி, அலுவலகத்துக்குப் போகப் பிடிக்காதது, எல்லாமே உடம்புக்குள் காற்றுப் புகுந்ததுதான். யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். ஆனால் அந்தக் காற்றை வெளியேற்றுவதையே தொழிலாக வைத்திருப்பவரிடம் போய் இதைச் சொல்லக்கூடாது என்கிற அறிவு எனக்கு இல்லாமல் போய்விட்டது.

"ஐயோ, அப்போ நீங்க கட்டாயம் வரணும். வெந்நீர்ல ஒரு தரம் எறங்கினா சரியாயிடும். வாங்க, ஏறுங்க."

"இல்ல இபு. நீங்க போய்ட்டு வாங்க."

"சோறு ரெண்டு பேருக்கும் கட்டியாச்சு. உங்களுக்குக் காரம் ஆகாதுன்னு தனியாப் பண்ணியிருக்கேன். வாங்க."

"வேணாம் இபு. வழியில வாந்தி எடுத்தா உங்களுக்குத்தான் கஷ்டம்."

இரண்டு தடவை கூப்பிட்டாகிவிட்டது. டிரைவர் எங்களைப் பார்த்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இபு முர்யாத்தி பையையும் பொட்டலங்களையும் வேன் படியில் வைத்தார். "திரும்புங்க" என்றார். காற்றுப் புகுந்தவர்களுக்கு முதுகில் எண்ணெய் தடவி, காசின் விளிம்பால் சிவக்கச் சிவக்கச் சுரண்டுவது வழக்கம். அதற்கு முன்னால் எங்கே பிடித்திருக்கிறது என்று விரலால் பார்ப்பார்கள். நான் வேண்டாம் என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. நடு முற்றத்தில், டிரைவர் பார்த்துக்கொண்டிருக்க, என்னைத் திருப்பி நிறுத்தி, சட்டைக் காலருக்குள் கட்டைவிரலை வைத்தார்.

பதினோரு வருடம் ஒரே கூரையில் வேலை பார்த்திருக்கிறோம். அந்தக் கை என்மேல் பட்டது அதுதான் முதல் தடவை. பிடரியில் ஆரம்பித்து, கழுத்தின் இரண்டு பக்கமும் இறங்கி, தோள்பட்டைக்கு வந்தது. அவசரமே இல்லை. ஒவ்வோர் இடத்திலும் நின்று, கேட்டுவிட்டு, நகர்ந்தது. இருநூறு ஸ்பாக்களுக்கு நான் எழுதிய ஒரு வரியிலும் இது இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்லவேளை முதுகைத்தான் காட்டிக்கொண்டு நின்றேன்.

கட்டைவிரல் இடது தோளில் நின்றது.

"காத்து ஒண்ணும் புகல" என்றார் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி. "தோள்தான் கல்லாக் கிடக்குது."

அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்துவிட்டது. எதற்காகச் சொல்கிறேன் என்றும் தெரிந்துவிட்டது. சாத்திய கதவுக்குள் சொன்னதை நான் மறக்கவில்லை, மறக்காமலேதான் அன்றைக்கு 'வரேனே' என்றேன் என்பதும் சேர்த்து. நான் திரும்பவில்லை. அவரும் கையை எடுக்கவில்லை.

மூன்றாம் தடவை பாக்கி இருந்தது. கூப்பிட்டால் நான் போயாகவேண்டும். அது மனசாரக் கூப்பிட்டதாகத்தான் இருக்கும், அப்புறம் மறுக்க வழியில்லை. கூப்பிடாவிட்டால், ஐம்பத்து மூன்று வயதில் முதல் தடவையாக அவர் ஒருத்தருக்குச் சொல்லவேண்டிய வாக்கியத்தைச் சொல்லாமல் வேனில் ஏறுவார். மூன்று நாளும் அவருடையது. நான் ஒரு பக்கம் அவர் கூப்பிடக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். இன்னொரு பக்கம், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அந்தக் கை அங்கேயே இருக்கவேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். நான் அங்கேதானே நின்றிருந்தேன். ஆனால் எழுதப்போவதில்லை. நான் போனேன் என்று எழுதினால் பாக் ரெஸ்து அதன் கீழே பொத்தானை வைத்துவிடுவார். போகவில்லை என்று எழுதினால் நான் நல்லவள் ஆகிவிடுவேன். இரண்டில் எது என்று இந்நேரம் நீங்கள் ஒன்றை நினைத்து வைத்திருப்பீர்கள். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து இபு முர்யாத்தியிடம் நீட்டாதீர்கள்.

டிரைவர் இஞ்சினை அணைத்தார். முற்றம் அமைதியாயிற்று. என் தோளில் கை இருக்க, இபு முர்யாத்தி பேசுவதற்காக மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

இதற்குமேல் ஒரு சொல் எழுதினாலும் பேசுவது அவராக இருக்காது, நானாகத்தான் இருப்பேன்.